காய்ச்சல் போன பிறகு கண்ணில் தேங்கிய ரத்தம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கொரோனா தொற்றிலிருந்து தேறி நான்கு வாரம் ஆன 34 வயது ஆண் ஒருவர், வலது கண் பார்வை திடீரென மங்கியதாகச் சொல்லி வந்தார். விழித்திரையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் மையச் சிரை அடைத்திருந்தது. இந்த நோயைக் கண்டுபிடிப்பது கடினமே இல்லை. கண்மணியை விரித்து உள்ளே பார்த்தாலே தெரிந்துவிடும். அது ஏன் வந்தது என்று தேடுவதில்தான் எங்களுக்கு மூன்று மாதம் போனது. அந்தத் தேடலை எழுதி வைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் 2020-க்குப் பிறகு இளவயதில் எந்த ரத்தக் குழாய் அடைத்தாலும், நோயாளி, உறவினர், சில நேரம் மருத்துவரும்கூட "கொரோனாதான்" என்று முதல் வரியிலேயே முடித்துவிடுகிறார்கள். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

நோயாளி சொன்னது

சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, புகைப்பழக்கம் இல்லை. கண்ணாடி போட்டதும் இல்லை. கொரோனா வந்தது லேசாகத்தான். மூன்று நாள் காய்ச்சல், உடம்பு வலி, அப்புறம் இரண்டு வாரம் விடாத இருமல். ஆக்சிஜன் அளவு 96-க்குக் கீழே இறங்கவே இல்லை. வீட்டிலேயே தனி அறையில் பெரும்பாலும் படுத்தபடியே இருந்திருக்கிறார். "வாய் கசந்துபோய் தண்ணிகூட சரியா குடிக்கல டாக்டர்" என்றார்.

தெரிந்தவர் சொன்னார் என்று ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரையும் போட்டிருக்கிறார். பிரிட்டனில் 2020-இல் நடந்த ரெகவரி ஆய்வு, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காப்பதாகக் காட்டியது ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குத்தான்; ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் கிடைக்கவில்லை. செய்தியின் முதல் பாதி ஊரெல்லாம் பரவியது, இரண்டாம் பாதி பரவவில்லை. ஸ்டீராய்டு கண் அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியது, இரண்டுமே சிரை அடைப்புக்கு வழிவிடுபவை என்பதால் இதைக் குறித்துக்கொண்டோம்.

ஒரு காலை எழுந்து செல்போனில் மணி பார்த்திருக்கிறார். நடுவில் இருந்த எண்கள் மட்டும் கலங்கித் தெரிந்தன. இடது கண்ணை மூடிப் பார்த்தபோது எண்களே இல்லை, ஒரு சாம்பல் நிறத் திட்டுதான் இருந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை, தலைவலி இல்லை. தூக்கம் போதவில்லை என்று நினைத்து இரண்டு நாள் விட்டுவிட்டார். இது வழக்கமாக நடப்பதுதான். கண்ணில் தூசி விழுந்தால் அலறியடித்து வருகிறவர்கள், வலிக்காமல் பார்வை போனால் நாளைக்குச் சரியாகும் என்று காத்திருப்பார்கள்.

பரிசோதனை

பார்வை வலது கண்ணில் 6/36, இடது கண்ணில் 6/6, அதாவது இயல்பு. கண் அழுத்தம் வலதில் 16, இடதில் 15 மில்லிமீட்டர் பாதரசம், இரண்டும் இயல்பு. டார்ச் ஒளியை ஒரு கண்ணிலிருந்து மற்றதற்கு மாற்றி மாற்றி அடித்தபோது இரண்டு கண்மணிகளும் ஒரே அளவுக்குச் சுருங்கின. கால் நிமிடம்கூடப் பிடிக்காத இந்தச் சோதனைக்கு நான் பெரிய மதிப்பு கொடுப்பேன். அடைப்பினால் விழித்திரை பெருமளவு ரத்தமின்றிக் காய்ந்திருந்தால், பாதித்த கண்ணில் ஒளி விழும்போது கண்மணி சுருங்காமல் விரியும். இங்கே அப்படி இல்லை என்பது முதல் நல்ல செய்தி. மருந்து விட்டுக் கண்மணியை விரித்த பிறகு இதைப் பார்க்க முடியாது. அவசரத்தில் முதலில் சொட்டு மருந்தை ஊற்றிவிட்டால் இந்தத் தகவல் அன்றைக்குப் போனதுதான்.

விரித்துப் பார்த்தபோது வலது விழித்திரையின் நான்கு பகுதிகளிலும் ரத்தக் கசிவு. நரம்பிழைகள் ஓடும் திசையிலேயே கசிவு பரவியதால் ஒவ்வொன்றும் தீ நாக்கு வடிவில் நீண்டிருந்தது. சிரைகள் பருத்து, கறுத்து, வளைந்து வளைந்து ஓடின. பார்வை நரம்பு வட்டின் விளிம்பு வீங்கி மங்கியிருந்தது. அதன் அருகே, ரத்தம் சரியாக எட்டாத இடத்தைக் காட்டும் மூன்று வெண்பஞ்சுத் திட்டுகள். இடது விழித்திரை சுத்தமாக இருந்தது. இதையும் முக்கியமாகக் குறித்துக்கொண்டோம், ஏனென்றால் இரண்டு கண்ணிலும் கசிவு இருந்தால் ரத்தப் புற்றுநோய், கடும் ரத்தச்சோகை, ரத்தம் தடிக்கும் நோய்கள் என்று எங்கள் கவனம் வேறு பக்கம் போயிருக்கும்.

விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில், கூர்மையான பார்வைக்கான நடுப்பகுதியான மஞ்சள் புள்ளியின் மையத் தடிமன் 560 மைக்ரான். சுமார் 250 முதல் 270 வரை இருக்க வேண்டிய இடம் இது. விழித்திரை அடுக்குகளுக்குள் நீர்ப்பைகள் கோத்திருந்தன. அவருக்கு எண்கள் தெரியாமல் போனதற்கு இந்த வீக்கமே காரணம். ரத்தக் கசிவு பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பார்வையைக் கெடுத்ததில் அதன் பங்கு குறைவு.

கைச் சிரையில் புளோரசீன் சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராமில், சாயம் தமனிக்கு இயல்பான நேரத்தில் வந்துவிட்டது. சிரையில் வடிவதற்குத்தான் நெடுநேரம் பிடித்தது. சிரைச் சுவர்களிலிருந்து கசிவும் இருந்தது. ரத்தம் எட்டாத நுண்குழாய்ப் பகுதி சிறிய அளவில்தான். பார்வை நரம்பு வட்டைப் போல் பத்து மடங்குக்கு மேல் ரத்தமற்ற பரப்பு இருந்தால் அதை ரத்தமின்மை வகை என்பார்கள். அமெரிக்காவில் 1990-களில் நடந்த மையச் சிரை அடைப்பு ஆய்வு வைத்த கோடு அது. இவர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

ஏன் அந்த இடத்தில்

மைய விழித்திரைத் தமனியும் சிரையும் பார்வை நரம்புக்குள் ஒரே உறைக்குள் ஒட்டிப் போகின்றன. நரம்பு கண்கோளத்தை விட்டு வெளியேறும் இடத்தில் சல்லடை போன்ற ஒரு தட்டு உண்டு. அங்கே இடம் நெருக்கம். வயதானவர்களுக்குத் தமனிச் சுவர் தடித்து, மெல்லிய சுவருள்ள சிரையை நசுக்கும். ஓட்டம் சுழன்று தேங்கி உறையும். அதனால்தான் இந்த நோய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் கண் அழுத்த நோயும் உள்ள ஐம்பது, அறுபது வயதுக்காரர்களின் நோயாக இருந்துவருகிறது.

முப்பத்து நான்கு வயதில் தமனி தடித்திருக்க வாய்ப்பு குறைவு. அப்படியானால் ரத்தத்தில் ஏதோ மாற்றம், இல்லாவிட்டால் குழாய்ச் சுவரில் அழற்சி. ரத்த உறைவைப் பற்றி ஜெர்மன் மருத்துவர் விர்கோ 19-ஆம் நூற்றாண்டில் பேசிய காரணங்கள் இன்றும் அப்படியே செல்லுபடியாகின்றன: ஓட்டம் மெதுவாவது, சுவர் கெடுவது, ரத்தம் உறையும் தன்மை கூடுவது. இவருடைய கதையில் மூன்றுக்குமே இடமிருந்தது. படுக்கையிலேயே கிடந்தது, தண்ணீர் குடிக்காதது, பிறகு தொற்று.

காரணம் தேடியது

கொரோனாவைப் பட்டியலில் கடைசியில் வைத்தோம். அதற்கென்று தனிச் சோதனை கிடையாது. மற்றவை எல்லாம் விலகிய பிறகு மிஞ்சுவதாகத்தான் அதைச் சொல்ல முடியும்.

ரத்த அழுத்தம் மூன்று முறை, வெவ்வேறு நாளில் பார்த்தோம், 128/82-ஐத் தாண்டவில்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.4. ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கொழுப்பு, சிறுநீரக வேலை இயல்பு. கூடினால் ரத்தக் குழாய் அடைப்புக்கு வழிவிடும் ஹோமோசிஸ்டீன் இயல்பு, இளவயது அடைப்பில் இதைப் பார்க்காமல் விடக் கூடாது, ஏனென்றால் கூடியிருந்தால் பி12, ஃபோலிக் அமிலம் கொடுத்தே குறைத்துவிடலாம். மேகநோய்ச் சோதனை, காசநோய்க்கான மார்பு எக்ஸ்ரே, சார்காய்டு, லூபஸ் என்ற அழற்சி நோய்களுக்கான சோதனைகள் எதிலும் ஒன்றும் இல்லை. வாய்ப்புண், மூட்டுவலி, தோல் தடிப்பு உண்டா என்று கேட்டதற்கும் இல்லை என்றார்.

இரண்டு சோதனைகள் மட்டும் இயல்பில்லை. டி-டைமர் 0.9, எங்கள் ஆய்வகத்தின் மேல் எல்லை 0.5. அப்புறம் கார்டியோலிப்பின் எதிர்ப்பொருளில் ஐஜிஎம் வகை லேசாகக் கூடியிருந்தது.

டி-டைமரை வைத்து நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. உடலில் எங்கேயோ உறைவு உண்டாகிக் கரைகிறது என்று மட்டும்தான் அது சொல்லும். தொற்றுக்குப் பிறகு பலருக்குச் சில வாரங்கள் கூடியே இருக்கும். தாளில் தடித்த எழுத்தில் அச்சாகி வருவதால் நோயாளியின் தூக்கத்தைக் கெடுத்ததுதான் மிச்சம்.

எதிர்ப்பொருள் விஷயம் அப்படி அல்ல. அது தொடர்ந்து இருந்தால், உடலின் எதிர்ப்பொருளே ரத்தத்தை உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி என்றாகும். நெடுங்காலம் ரத்தம் உறையாமைக்கான மருந்து, கண் மட்டுமல்லாமல் கால், நுரையீரல், மூளை எல்லாவற்றையும் பற்றிய கவலை என்று வாழ்க்கையே மாறும். ஆனால் எந்த வைரஸ் தொற்றுக்குப் பிறகும் இந்த எதிர்ப்பொருள் தற்காலிகமாக எழும்பி அடங்குவது உண்டு, கொரோனாவில் இதை நிறையவே பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் குறைந்தது 12 வாரம் இடைவெளிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. காத்திருந்தோம். பன்னிரண்டு வாரம் முடிந்து எடுத்த சோதனையில் அது இல்லை. டி-டைமரும் இறங்கியிருந்தது.

"அப்போ கொரோனாவாலதான் இப்படி ஆச்சா டாக்டர்?"

இந்தக் கேள்வியை அவர் முதல் நாளிலிருந்தே கேட்டுவந்தார். பன்னிரண்டு வாரம் கழித்து நான் சொன்ன பதில்: பெரும்பாலும் அது தூண்டியிருக்கும், ஆனால் நிரூபிக்க முடியாது.

சாதகமான சான்றுகள் நிறைய. இந்த வைரஸ் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2 ஏற்பி குழாய்களின் உட்சுவரிலும் உண்டு. தொற்றில் இறந்தவர்களின் பல உறுப்புகளில் குழாய் உட்சுவர் அழற்சி இருந்ததை 2020-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஃபைப்ரினோஜன், வான் வில்லிபிராண்ட் காரணி போன்ற உறைவுக்குத் துணைபோகும் பொருள்கள் ரத்தத்தில் கூடுகின்றன. ஜெர்மனியில் இறந்தவர்களின் கண்களை ஆராய்ந்தபோது 14 பேரில் 3 பேரின் விழித்திரையில் வைரஸின் மரபணுப் பொருள் கிடைத்தது. அது உயிருள்ள வைரஸ் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் கண்ணின் உட்புறம் வரை அது வந்துபோகிறது என்பது தெரிகிறது.

மறுபக்கமும் உண்டு. உலகில் பெரும்பாலானோருக்கு வந்துபோன தொற்று இது. அத்தனை கோடிப் பேரில் சிலருக்கு அடுத்த மாதம் எப்படியும் சிரை அடைக்கத்தான் செய்யும், கொரோனா வந்திருந்தாலும் வராவிட்டாலும். இளவயதில் எந்தக் காரணமும் பிடிபடாமல் மையச் சிரை அடைத்த நோயாளிகள் 2019-க்கு முன்பும் இருந்தார்கள். ஒற்றை நோயாளியின் கதை எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் இந்தச் சிக்கலைத் தீர்க்காது. எண்ணிக்கை பெரிதாக இருக்கும் ஆய்வுதான் தேவை.

அப்படி ஒன்று 2022-இல் ஜாமா கண் மருத்துவ இதழில் வந்தது. தெற்குக் கலிபோர்னியாவில் கொரோனா உறுதியான 4,32,515 பேரின் பதிவுகளை எடுத்து, தொற்றுக்கு முந்தைய ஆறு மாதத்தையும் பிந்தைய ஆறு மாதத்தையும் ஒப்பிட்டார்கள். வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுக்குச் சரிசெய்த பிறகும், விழித்திரைச் சிரை அடைப்பு பிந்தைய ஆறு மாதத்தில் 1.54 மடங்காக இருந்தது. அதிகம் பேருக்கு வந்தது தொற்று உறுதியான 6 முதல் 8 வாரத்துக்குள். தமனி அடைப்பும் கொஞ்சம் கூடியதாகத் தெரிந்தாலும், அது தற்செயலாக இருக்க முடியாது என்று சொல்லுமளவுக்கு இல்லை.

ஒன்றரை மடங்கு என்றதும் பயந்துவிடக் கூடாது. அந்த நான்கு லட்சத்துச் சொச்சம் பேரில் பிந்தைய ஆறு மாதத்தில் சிரை அடைத்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. அரிதான ஒன்று சற்றே அரிது குறைகிறது, அவ்வளவுதான். எங்கள் நோயாளி அந்தக் காலக் கணக்குக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறார். அதனால்தான் "பெரும்பாலும்" என்றேன்.

தடுப்பூசியால் வந்திருக்குமோ என்றும் அவர் கேட்டார். அவர் கடைசி ஊசி போட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது, எனவே இங்கே அந்தப் பேச்சுக்கு இடமில்லை. பொதுவாகச் சொன்னால், எம்ஆர்என்ஏ தடுப்பூசி போட்ட சுமார் 31 லட்சம் பேரின் பதிவுகளை 2023-இல் ஆராய்ந்தபோது, போட்ட 21 நாளுக்குள் விழித்திரைக் குழாய் அடைப்பு புதிதாகப் பதிவானது 104 பேருக்குத்தான். ஃப்ளூ ஊசிக்குப் பிறகு வருவதைவிட இது கூடுதல் இல்லை.

சிகிச்சை

அடைப்பை நீக்கும் சிகிச்சை எதுவும் இல்லை. பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைப்பதைக் கேட்டுப் பழகியவர்கள் கண்ணிலும் அப்படி ஒன்று இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். நாம் குணப்படுத்துவது அடைப்பின் விளைவை. ரத்தம் தேங்கி ஆக்சிஜன் குறையும்போது விழித்திரை விஇஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது. அதுதான் குழாயைக் கசியவிட்டு வீக்கத்தை உண்டாக்குகிறது, பின்னால் வேண்டாத புதுக் குழாய்களையும் முளைக்கவைக்கிறது. அதை முடக்கும் ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட், பெவாசிசுமாப் ஆகியவை இப்போதைய முதல்வரிசை மருந்துகள். 2017-இல் வந்த ஸ்கோர் 2 ஆய்வில், ஆறு மாத முடிவில் பார்வை மீட்சியைப் பொறுத்தவரை பெவாசிசுமாப் அஃப்லிபர்செப்டுக்குக் குறைந்ததாக இல்லை.

இவருக்கு ரானிபிசுமாப் தேர்ந்தெடுத்தோம். கண்ணுக்குள் வைக்கும் டெக்சாமெத்தசோன் உட்பொருத்தியும் நல்ல வழிதான், நான்கைந்து மாதம் தாங்கும். ஆனால் புரை வராத இளம் கண்ணில் அதை வைத்தால் புரையையும் கண் அழுத்தத்தையும் நாமே வரவழைத்ததாகிவிடும்.

"கண்ணுக்குள்ளயா ஊசி?" என்று கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. எல்லோரும் அப்படித்தான். உண்மையில் ஊசி போடும் நொடியைவிட முன்தயாரிப்புக்குத்தான் நேரம் பிடிக்கும். மரத்துப்போகும் சொட்டு, 5 சதவீத போவிடோன் அயோடின், இமையை விலக்கிப் பிடிக்கும் கம்பி. கருவிழி ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் அளந்து புள்ளி வைத்து, மயிரிழை போன்ற 30-ஆம் எண் ஊசியால் 0.05 மில்லிலிட்டர் மருந்து. போட்டதும் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்போம். அன்று முழுதும் கண்ணுக்குள் கறுப்புக் குமிழிகள் மிதப்பதுபோல் தெரியும், மறுநாள் போய்விடும். அடுத்த சில நாளில் வலி, சிவப்பு, மங்கல் கூடினால் இரவு பகல் பாராமல் வந்துவிட வேண்டும் என்பதை மட்டும் இரண்டு முறை சொல்லி அனுப்புவேன்; உள்ளே கிருமி புகுந்தால் மணிக்கணக்கில் கண் போய்விடும்.

ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமைக்கான மருந்தோ கொடுக்கவில்லை. விழித்திரைச் சிரை அடைப்பில் அவை பார்வையை மீட்பதாகச் சான்று இல்லை, கசிவு கூடும் வாய்ப்பு உண்டு. கொரோனா என்றதும் ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரையைக் கைப்பழக்கத்தில் எழுதுவது இன்னும் நடக்கிறது.

தொடர்ந்து பார்த்தது

முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்துப் பார்வை 6/18, மையத் தடிமன் 330. மூன்று ஊசி முடிந்தபோது 6/9, தடிமன் 262. ரத்தக் கசிவுகள் வடிந்துகொண்டிருந்தன. மாதந்தோறும் வருவதை நிறுத்தலாமா என்று அவர் கேட்டது அப்போதுதான்.

நிறுத்த விடவில்லை. மையச் சிரை அடைப்பில் கண்ணைக் குருடாக்கும் சிக்கல் வீக்கம் தணிந்த பிறகே வரலாம். ரத்தமில்லா விழித்திரை சுரக்கும் விஇஜிஎஃப் கண்ணின் முன்பகுதிக்கு வந்து, கண்மணியைச் சுற்றியுள்ள கருவிழிப்படலத்திலும் கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் கோணத்திலும் புதுக் குழாய்களை முளைக்க வைக்கும். நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறி, தாங்க முடியாத வலியோடு பார்வை போகும். நூறு நாள் குளுக்கோமா என்று பழைய மருத்துவர்கள் சொன்னது இதைத்தான். ஊசி போடும் கண்களில் இது நூறு நாளைத் தாண்டியும் தள்ளிப்போகலாம். மருந்து மூடி வைத்திருக்கும், நிறுத்தியதும் தலைகாட்டும். மேலே சொன்ன 1990-களின் மையச் சிரை அடைப்பு ஆய்வில், ஓரளவு ரத்தம் ஓடிய கண்களிலும் 34 சதவீதம் மூன்று ஆண்டுக்குள் ரத்தமின்மை வகைக்கு மாறின.

ஆகவே ஒவ்வொரு வருகையிலும் கண்மணியை விரிக்கும் முன்பே கருவிழிப்படலத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம், கோணத்தை அதற்கான வில்லையான கோனியோஸ்கோப்பில் பார்த்தோம். புதுக் குழாய் தெரிந்தால் உடனே லேசர் என்று முடிவு செய்திருந்தோம். தேவைப்படவில்லை.

ஐந்தாம் மாதம் வீக்கம் திரும்பியது: தடிமன் 390, பார்வை 6/12. மேலும் இரண்டு ஊசி. அதற்குப் பிறகு வரவில்லை. பார்வை நரம்பு வட்டின் மேல் சுருள் சுருளாகச் சில மாற்றுச் சிரைகள் உருவாகியிருந்தன. தேங்கிய ரத்தம் தனக்கொரு பக்கவழி கண்டுபிடித்ததற்கான அடையாளம். புதுக் குழாய்களையும் இவற்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆஞ்சியோகிராமில் இவை கசியாது.

கொரோனாவுக்குப் பின் கண்ணில் வேறு என்ன

எல்லா மங்கலும் மையச் சிரை அடைப்பு இல்லை. கிளைச் சிரை அடைத்தால் பார்வையின் மேல்பாதியோ கீழ்பாதியோ மட்டும் மறையும். தமனி அடைத்தால் ஒரே நொடியில் பார்வை இருண்டுவிடும். அது மூளைப் பக்கவாதத்துக்குச் சமமான அவசரம், மணிக்கணக்குதான் இருக்கிறது, கண் மருத்துவமனையில் வரிசையில் நிற்காமல் பக்கவாதம் பார்க்கும் மருத்துவமனைக்கே போக வேண்டும். தொற்றின் போதோ பிறகோ கண்ணோடு முகமும் வீங்கி, கன்னம் மரத்து, இமை தொங்கினால் கரும்பூஞ்சையைத்தான் முதலில் நினைக்க வேண்டும், அதிலும் சர்க்கரை உள்ளவருக்கு, ஸ்டீராய்டு எடுத்தவருக்கு.

இளைஞர்கள் சிலர், படிக்கும்போது ஓரிரு எழுத்தை மறைக்கும் சின்னக் கறுப்புப் புள்ளி என்று வருவார்கள். விழித்திரை பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், பார்வை 6/6 இருக்கும், மனப்பிரமை என்று திருப்பி அனுப்பப்பட்டும் இருப்பார்கள். அகச்சிவப்புப் படமும் ஓசிடியும் எடுத்தால் மஞ்சள் புள்ளி அருகே ஆழ்நுண்குழாய்கள் பாதித்த திட்டு தெரியும். கொரோனா ஆண்டுகளில் இந்த வகை பல நாடுகளிலிருந்து அறிக்கையானது. ஊசி, லேசர் எதுவும் தேவையில்லை. புள்ளி மெல்ல மங்கும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும்.

இப்போதைய நிலை

ஓராண்டு முடிவில் வலது கண் பார்வை 6/9. கட்டம் போட்ட தாளைக் காட்டினால் நடுவில் ஒரு கோடு லேசாக நெளிவதாகச் சொல்கிறார். இரண்டு கண்ணையும் திறந்தால் அது தெரிவதில்லை. கண் அழுத்தம் இரண்டிலும் இயல்பு. ஒரு கண்ணில் மையச் சிரை அடைத்தவருக்கு மற்ற கண்ணிலும் அடைக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு சுமார் 1 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. கொரோனா தூண்டியதாகக் கருதும் ஒருவருக்கும் அதே கணக்கு பொருந்துமா என்பது தனிக் கேள்வி. பொருந்தும் என்று வைத்துக்கொண்டுதான் நடக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கண்களும், ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடிக் கட்டத் தாளைப் பார்த்துக்கொள்கிறார். இன்னொரு அடைப்பு எந்தக் குழாயில் வந்தாலும், முன்பு இயல்பாக இருந்த ரத்தச் சோதனைகளை முதலிலிருந்து மறுபடி செய்வோம் என்பதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம்.